முன்விடுதலையும் பழைய குற்றவாளியும்

பெங்களூரு சிவாஜி நகரில் வாழும் தமிழர்களுள் பௌரிங் ஆஸ்பத்திரியை அறியாதவர் இலர். பல தமிழ்க் குடும்பங்களின் பிறப்பையும் இறப்பையும் கண்ட இடம் அது. அப்பெயருக்கு உரியவர் லெவின் பெந்தம் பௌரிங் என்பவர். 1862 முதல் 1870 வரை மைசூர் நாட்டின் கமிஷனராக இருந்து நிர்வாகம் செய்தவர். அவர் பெயரின் நடுவே நிற்கும் 'பெந்தம்' என்னும் சொல்லைச் சிறை வரலாறு படித்தவர்கள் எளிதில் கடந்து செல்லமாட்டார்கள். நடுவே ஒரு காவற்கோபுரம், அதைச் சுற்றிலும் அறைகள், ஒரே காவலன் அத்தனை கைதிகளையும் பார்க்கலாம் என்னும் சிறை அமைப்பை 1791இல் நூலாக வெளியிட்ட ஜெரமி பெந்தம் என்னும் ஆங்கிலத் தத்துவ அறிஞரின் பெயர்தான் அது. பௌரிங்கின் தந்தையார் சர் ஜான் பௌரிங், பெந்தத்தின் நெருங்கிய நண்பர். அவர் மறைந்தபின் அவருடைய நூல்களைத் தொகுத்து வெளியிட்டவரும் அவரே. நண்பரின் பெயரை மகனுக்கு இட்டார்.

அந்த மகனின் ஆட்சிக்காலத்தில் பெங்களூரு மத்தியச் சிறை எழுந்தது. இன்று காந்தி நகரையடுத்துச் சேஷாத்திரி சாலையில் 'சுதந்திரப் பூங்கா' என்னும் பெயரில் மக்கள் உலாவும் இடம் அதுவே. கைதிகள் 2000ஆம் ஆண்டில் பரப்பன அக்ரகாரத்துப் புதிய சிறைக்கு மாற்றப்பட்டனர். பழைய சிறை 2008இல் பூங்காவாயிற்று. நடுக்கோபுரம் இன்னும் நிற்கிறது. 1975இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபோது அத்வானி, மது தண்டவதே முதலியோர் அடைக்கப்பட்டிருந்தது இச்சிறையிலேதான் என்பதை நேயர்கள் அறிந்திருக்கக் கூடும். நாம் இங்கே ஆராயப்போவது அத்தகைய பெரியவர்களைப் பற்றியன்று. திருடியவன், கொன்றவன், ஒருமுறை வெளியே போய் மறுமுறையும் வந்தவன் ஆகியோரைப் பற்றியே.

கோபுரத்தின் மேல் நிற்கும் காவலன், கைதி இன்று என்ன செய்கிறான் என்பதைப் பார்த்துவிடலாம். வாயிலைக் கடந்து வெளியே சென்றபின் அவன் என்ன செய்வான் என்பதை எந்தக் கோபுரத்திலிருந்தும் பார்க்க இயலாது. தண்டனைக் காலம் முடியுமுன் ஒருவனை விடுவிக்கலாமா என்னும் கேள்வி எழுந்த நாள்முதல், ஆட்சியாளர்களை வருத்திவந்தது இதுதான். இருநூறு ஆண்டுகளாக அவர்கள் இதற்கு இரண்டு குறுக்குவழிகளைக் கையாண்டிருக்கிறார்கள். ஒன்று, நாட்களைக் கூட்டிக் கழிக்கும் கணக்கு. மற்றொன்று, 'இவன் பழைய புள்ளி' என்று எழுதிவைக்கும் பதிவேடு. இவ்விரண்டும் மனிதனைப் பார்க்கும் வேலையிலிருந்து அதிகாரிகளை விடுவித்தன. அதனால் நேர்ந்தது என்ன என்பதே இவ்வுரையின் பொருள்.

முன்விடுதலையின் கதையில் தமிழருக்குத் தொடக்கத்திலேயே இடமுண்டு. சென்னை மாகாணத்தில் நாடுகடத்தல் தண்டனை பெற்றவர்களைக் கிழக்கிந்தியக் கும்பெனியார் சுமத்திராத் தீவிலிருந்த பென்கூலன் என்னும் குடியேற்றத்துக்கும் பினாங்குக்கும் அனுப்பினர். பென்கூலனில் ஆளுநராயிருந்த ராபிள்ஸ், 1823இல் அங்கிருந்த இந்தியக் கைதிகளை மூன்று வகுப்பாகப் பிரித்தார். நன்னடத்தையால் முதல் வகுப்புக்கு உயர்ந்தவன் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லலாம். நிலம் பெற்றுக் குடியிருக்கலாம். பென்கூலன் டச்சுக்காரர் கைக்கு மாறியபோது, 1825 ஏப்ரலில், அங்கிருந்த சென்னைக் கைதிகள் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுக்குப் பின்னும் இந்தியாவிலிருந்து கைதிகள் வந்தவண்ணம் இருந்தனர். சிங்கப்பூரில் சாலை போட்டவர்களும் சதுப்பு நிலத்தைத் தூர்த்தவர்களும் புனித அந்திரேயா பேராலயத்தைக் கட்டியவர்களும் இவர்களே.

அங்கே ஒரு வியப்பு நிகழ்ந்தது. கைதிகளுக்குக் காவலாகக் கைதிகளே நியமிக்கப்பட்டனர். நன்னடத்தை உடையவன் படிப்படியாக உயர்ந்து 'தண்டல்' ஆவான். கப்பல் தொழிலில் வழங்கும் அதே தமிழ்ச்சொல்தான். அதற்கும் மேலே சென்றவனுக்கு ஒரு சீட்டுக் கிடைக்கும். அச்சீட்டை வைத்துக்கொண்டு அவன் சிறைக்கு வெளியே தன் விருப்பம்போல் தொழில் செய்து பிழைக்கலாம். குறித்த நாளில் வந்து தலைகாட்டினால் போதும். தவறு செய்தால் சீட்டுப் பறிபோகும். அச்சிறையை நடத்திய மக்நேர் என்னும் அதிகாரி 1899இல் இம்முறையைப் பற்றித் தனிநூலே எழுதினார். கைதிகளே தம் காவலர் என்பது அந்நூலின் தலைப்பு. 1873இல் சிங்கப்பூர்க் கைதிச்சிறை மூடப்பட்டதற்குக் காரணம் முறையின் தோல்வியன்று. அக்குடியேற்றம் 1867இல் இந்திய அரசாங்கத்தின் கையைவிட்டு லண்டன் குடியேற்ற அலுவலகத்தின் கைக்குச் சென்றது. வளர்ந்துவிட்ட நகரம் கைதிகளின் வரவை விரும்பவில்லை. அவ்வளவே.

ஏறத்தாழ அதே காலத்தில், 1840 முதல் 1844 வரை, ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கேயுள்ள நார்போக் தீவில் அலெக்சாண்டர் மக்கானக்கி என்னும் கப்பற்படை அதிகாரி ஒரு சோதனை செய்தார். தண்டனையை ஆண்டுகளால் அளக்காதீர்கள், உழைப்பால் அளங்கள் என்றார். ஒவ்வொரு நாள் வேலைக்கும் நடத்தைக்கும் மதிப்பெண்; குறிப்பிட்ட மதிப்பெண் சேர்ந்தால் விடுதலை. இருமுறை, மும்முறை குற்றம் செய்து, திருத்தவே முடியாதவர் என்று கழிக்கப்பட்டவர்களை அடைத்துவைத்த தீவு அது என்பதை மனத்தில் கொள்ளவேண்டும். மேலிடம் அவரை நாலே ஆண்டில் திரும்ப அழைத்துக்கொண்டது. ஆயினும் அம்முறையை அயர்லாந்தில் கிராப்டன் என்பவர் எடுத்தாண்டார். பின்னர் இந்தியச் சிறைகளிலும் அது வந்து சேர்ந்தது. வரும் வழியிலே சாரம் வடிந்துவிட்டது எனலாம். நன்னடத்தைக்கு மாதம் இத்தனை நாள், வேலைக்கு மாதம் இத்தனை நாள் என்று தண்டனையிலிருந்து கழிக்கும் ஏற்பாடாக அது சுருங்கிற்று. நம் சிறைகளில் இன்றும் வழங்கும் 'தண்டனைக் குறைப்பு' இதுதான். மக்கானக்கி மனிதனை எடைபோடச் சொன்னார். சிறை எழுத்தர் நாட்களை எண்ணினார்.

முன்விடுதலைக்கு எதிரான அச்சமும் அப்போதே பிறந்தது. சீட்டு முறை 1853இல் இங்கிலாந்திலேயே சட்டமாயிற்று. 1862இல் லண்டன் தெருக்களில் வழிப்போக்கரின் கழுத்தை நெரித்துப் பறிக்கும் சம்பவங்கள் சில நிகழ்ந்தன. பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரே தாக்குண்டார். பழி முழுவதும் சீட்டுப் பெற்று வெளிவந்தவர்கள்மேல் விழுந்தது. எல்லாக் குற்றத்தையும் அவர்கள் செய்ததற்குச் சான்று இருந்ததா என்று யாரும் நின்று கேட்கவில்லை. அந்த அச்சம் ஓய்வதற்குள் 1869இல் 'வழக்கக் குற்றவாளிகள் சட்டம்' ஒன்று அங்கே பிறந்துவிட்டது. இந்தியாவில் 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. அங்கே மீண்டும் மீண்டும் தண்டனை பெற்ற மனிதனைப் பதிவு செய்தார்கள். இங்கே ஒருமுறையேனும் தண்டனை பெறாத குழந்தையையும் அதன் குலத்தைக் கொண்டு குற்றவாளி இனத்தில் சேர்த்தார்கள். ஒரே அச்சம் கடல் கடந்தவுடன் எப்படி உருமாறிற்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை.

குலப்பதிவுக்குப் பின்னர் வருவோம். அதற்குமுன் ஓர் எண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆயுள் தண்டனை என்றால் 14 ஆண்டு என்று நம் மக்கள் உறுதியாக நம்புகிறார்கள். திரைப்படங்களிலும் கதாநாயகன் 14 ஆண்டு கழித்து நரைத்த தாடியோடு சிறைவாயிலில் வந்து நிற்கிறான். இராமபிரான் வனவாசமும் அதே எண்ணாக அமைந்தது நம்பிக்கைக்கு உரமிட்டது போலும். சட்டத்தில் அப்படி இல்லை. 1860ஆம் ஆண்டுத் தண்டனைத் தொகுப்பின் 55ஆம் பிரிவு, ஆயுட்கால நாடுகடத்தலை அரசாங்கம் விரும்பினால் 14 ஆண்டுக்கு மிகாத சிறைத்தண்டனையாக மாற்றலாம் என்றது. 57ஆம் பிரிவு, தண்டனையின் பின்னங்களைக் கணக்கிடும்போது மட்டும் ஆயுளை 20 ஆண்டாகக் கொள்க என்றது. ஒன்று அரசாங்கத்தின் விருப்பம். மற்றொன்று கணக்குக்காகக் கொண்ட எண். இரண்டும் சேர்ந்து நாளடைவில் சட்டமே போல் நடமாடத் தொடங்கின. கோபால் கோட்சே வழக்கில் 1961இல் உச்ச நீதிமன்றம், ஆயுள் என்றால் கைதியின் உயிர் உள்ளளவும்தான் என்று தெளிவாகச் சொல்லியும் மக்கள் நம்பிக்கை மாறவில்லை.

இருபதாண்டுக் கணக்கைத் தமிழர்க்கு உணர்த்த ஒரு பெயர் போதும். 1908 ஜூலையில் திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே, வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கு இரண்டு ஆயுட்கால நாடுகடத்தல்களை, ஒன்றன்பின் ஒன்றாக, விதித்தார். நாற்பதாண்டுத் தண்டனை என்று நாட்டார் அதைக் குறிப்பிடுவது இருபதை இரண்டால் பெருக்கியதால்தான். மேல்முறையீட்டில் அது ஆறாண்டாகக் குறைந்தது. கோவைச் சிறையிலும் கண்ணூர்ச் சிறையிலும் இருந்துவிட்டு, ஆறாண்டு நிறையுமுன் 1912 டிசம்பரில் அவர் விடுதலையானார். வாயிலில் வரவேற்க வந்தவர்கள் சுப்பிரமணிய சிவா முதலிய மிகச் சிலரே. வழக்கறிஞர் உரிமை பறிபோயிருந்தது. சென்னையில் மளிகைக் கடை வைத்துப் பார்த்தார். பின்னாளில் வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதி அவ்வுரிமையை மீண்டும் கிடைக்கச் செய்ததற்கு நன்றியாகத் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். அவர் அரசியல் கைதி. நாம் பேசும் வகையினர் அல்லர். ஆனால் விடுதலை பெற்றவனுக்குப் பிழைப்பு இல்லையேல் விடுதலை எவ்வளவு அற்பமாகிவிடுகிறது என்பதை அவர் வாழ்க்கையைப்போல் விளக்குவது வேறில்லை. வ. உ. சி.க்கே இந்த நிலை என்றால், கன்னக்கோல் வைத்துப் பிடிபட்டவன் வெளியே வந்து எங்கே வேலை கேட்பான்?

இனி, பழைய குற்றவாளியைப் பற்றிச் சட்டம் என்ன எண்ணிற்று என்று பார்ப்போம். தண்டனைத் தொகுப்பின் 75ஆம் பிரிவு, முன்னர்த் தண்டனை பெற்றவன் மீண்டும் குற்றம் செய்தால் தண்டனையை உயர்த்தலாம் என்றது. எல்லாக் குற்றத்துக்குமா? இல்லை. நாணயம், அரசு முத்திரை தொடர்பான குற்றங்களும் சொத்து தொடர்பான குற்றங்களும் மட்டுமே அதில் அடங்கின. இருமுறை திருடினால் பழைய குற்றவாளி. இருமுறை ஒருவனை அரிவாளால் வெட்டிக் காயப்படுத்தினால் அப்பிரிவின்கீழ் அல்லன். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 13ஆம் பிரிவிலும் இதே வரம்புதான். சட்டத்தின் கண்ணில் 'மீண்டும் செய்பவன்' என்பவன் பெரும்பாலும் ஏழைத் திருடன் என்பதை இது காட்டுகிறது. கொலை செய்து ஆயுள் பெற்ற கைதியைச் சிறையதிகாரிகள் எக்காலத்தும் வார்டராகவும் மேஸ்திரியாகவும் வைத்துக்கொண்டார்கள். நம்பத் தகாதவனாக எண்ணியது சிறு திருட்டுக்குப் பலமுறை வந்துபோகிறவனைத்தான்.

ஒருவன் பழையவனா புதியவனா என்று அறிவது எப்படி? பெயரை மாற்றிச் சொன்னால் என்ன செய்வது? இந்தக் கவலைக்கு விடையாகவே விரல்ரேகைக் கலை வளர்ந்தது. உலகின் முதல் விரல்ரேகை நிலையம் 1897இல் கல்கத்தாவில் தோன்றிற்று; வகைப்படுத்தும் முறையை உருவாக்கிய ஹென்றியின் பெயர் உலகெங்கும் பரவியது. அவருக்காக உழைத்த அஜிசுல் ஹக், ஹேம சந்திர போஸ் என்னும் இரு இந்தியர் பெயரைச் சொல்வார் குறைவு. ரேகை வந்தபின் பதிவேடு பெருத்தது. சென்னை மாகாணப் போலீசார் 'அறியப்பட்ட கொள்ளையர்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதல் இரண்டு எழுத்துகளால் ஒரு பட்டியல் வைத்திருந்தனர். நம் தெருக்களில் வழங்கும் 'கேடி' என்னும் சொல் அங்கிருந்து வந்ததே. கேடு என்னும் தமிழ்ச்சொல்லோடு அது இயைந்து போனதால், அயற்சொல் என்றே நமக்குத் தோன்றுவதில்லை. பெங்களூருவில் வாழ்பவர்களுக்கு அதன் தம்பியான 'ரௌடி ஷீட்டர்' நன்கு அறிமுகம்.

பதிவேட்டின் மிகக் கொடிய வடிவம், முன்னர்க் குறிப்பிட்ட குலப்பதிவு. 1911ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்திலும் நுழைந்தது. மதுரை மாவட்டத்துப் பிரமலைக் கள்ளர்மீது அது ஏவப்பட்டபோது, பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தனர். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் போலீசார் சுட்டதில் பெண் ஒருவர் உட்படப் பலர் மாண்டனர். சென்னையில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் அச்சட்டம் நீக்கப்பட்டது. நீக்கப்பட்ட இடம் வெறுமையாக இருக்கவில்லை. சென்னையில் 1948இலும் மைசூரில் 1961இலும் 'வழக்கக் குற்றவாளிகள்' சட்டங்கள் வந்தன. குலம் போய்த் தனிமனிதன் வந்தான் என்பது ஏட்டில் உண்மை. நடைமுறையில் பழைய ஏட்டிலிருந்த குடும்பங்களின் பெயரே புதிய ஏட்டிலும் ஏறுவது பல இடங்களில் நிகழ்ந்தது.

அதே 1920ஆம் ஆண்டில், முன்விடுதலையைப் பற்றி நன்கு சிந்தித்த ஒரு குழுவும் நம் நாட்டில் இருந்தது. 1919இல் அமைந்த இந்தியச் சிறைக் குழுவுக்குத் தலைவர் சர் அலெக்சாண்டர் கார்டியூ. சென்னை அரசாங்கத்தின் நிர்வாக சபையில் இருந்தவர். அக்குழு அந்தமானுக்கும் சென்றது, இங்கிலாந்து, அமெரிக்கா, ஜப்பான் முதலிய நாடுகளுக்கும் சென்று பார்த்தது. சிறையின் நோக்கம் தண்டிப்பது மட்டுமன்று, திருத்துவதும் ஆகும் என்று இந்தியாவில் அதிகாரபூர்வமாக எழுதிய முதல் ஆவணம் அதன் அறிக்கை எனலாம். வெறும் நாட்கணக்கோடு நிற்காமல், சிறையதிகாரியும் நீதிபதியும் அரசாங்கச் சார்பற்ற பொதுமனிதரும் சேர்ந்த குழு ஒவ்வொரு நெடுந்தண்டனைக் கைதியின் வழக்கையும் எடுத்துப் பார்க்கவேண்டும் என்றது. பழக்கப்பட்ட குற்றவாளியையும் அக்குழு தள்ளிவிடவில்லை. மற்றவர்களைவிட நீண்ட பகுதியைக் கழித்தபின் அவனையும் பார்க்கலாம் என்றது. இதைத் தொடர்ந்து சென்னையில் இளைஞர்களுக்கான பார்ஸ்டல் பள்ளிச் சட்டம், 1936இல் நன்னடத்தைக் கண்காணிப்புச் சட்டம் ஆகியவை வந்தன. கண்காணிப்பு அதிகாரி என்னும் ஒருவர், கைதியின் ஊருக்கே சென்று, 'இவன் வந்தால் வைத்துக்கொள்வீர்களா' என்று கேட்கும் வழக்கம் அப்போது முளைத்தது. என் மதிப்பில், இருநூறு ஆண்டுக் கதையில் கேட்கப்பட்ட மிக நல்ல கேள்வி அதுதான்.

விடுதலைக்குப்பின் அக்கேள்வி மங்கிற்று. நாட்கணக்கு மீண்டும் மேலே வந்தது. உண்மையில் 14 ஆண்டு, குறைப்பு நாட்கள் 6 ஆண்டு, ஆக 20, வாயில் திறக்கும். அரசியல் ஆண்டுவிழாக்களில் அளிக்கும் குறைப்பு வேறு. சில மாநிலங்களில் கொலைக் கைதிகள் சில ஆண்டிலேயே வெளிவருவதைக் கண்ட பாராளுமன்றம், 1978 டிசம்பரில் குற்ற நடைமுறைச் சட்டத்தில் 433-அ என்னும் பிரிவைச் சேர்த்தது. மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றத்தில் ஆயுள் பெற்றவன் குறைந்தது 14 ஆண்டாவது சிறையில் இருக்கவேண்டும் என்றது அது. 1980இல் மாரு ராம் வழக்கில் இதைச் செல்லும் என்று தீர்ப்பெழுதியவர் நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1952இல் சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினராயிருந்தவர். கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சிறைத்துறையைக் கவனித்தவர். தாமே ஒரு மாதம் சிறையில் கிடந்தவர். கைதியின் பக்கம் நின்றே பெயர்பெற்ற அவர் அப்பிரிவை ஏற்றுக்கொண்டார் என்றாலும், ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் அரசியலமைப்பு தந்துள்ள மன்னிப்பு அதிகாரத்தை அது தொடாது என்பதையும் எழுதிவைத்தார்.

இப்போது மீண்டும் பெங்களூருவுக்கு வருவோம். 1991இல் இந்நகரில் ஒரு கொலை நிகழ்ந்தது. உடல் மூன்றாண்டுக்குப்பின் வீட்டு வளாகத்திலேயே கண்டெடுக்கப்பட்டது. 2005இல் அமர்வு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. உச்ச நீதிமன்றத்தில் 2007இல் இரண்டு நீதிபதிகள் தண்டனையைப் பற்றி மாறுபட்டனர். ஆகவே மூவர் அமர்வு கேட்டு, 2008 ஜூலையில் தீர்ப்பு வந்தது. சட்டம் பயில்வோர் 'சுவாமி சிரத்தானந்தா எதிர் கர்நாடக மாநிலம்' என்று இதை அறிவர்.

தீர்ப்பை எழுதிய நீதிபதி ஆப்தாப் ஆலம், கர்நாடகத்திலும் பீகாரிலும் ஆயுள் கைதிகள் எவ்வாறு விடுவிக்கப்படுகிறார்கள் என்பதைச் சிறைவிதிகளோடு வைத்துப் பார்த்தார். ஆயுளை 20 ஆண்டென்று வைத்துக்கொண்டு குறைப்பைக் கழிக்கும் வழக்கத்துக்கு எந்தச் சட்டத்திலும் ஆதாரம் இல்லை என்று கண்டார். அதைவிட முக்கியமான ஒன்றை அவர் சொன்னார். நீதிபதியின் முன் இரண்டே வழிகள் இருந்தால், ஒன்று பதினான்காண்டில் முடிந்துபோகும் ஆயுள், மற்றொன்று தூக்கு என்றால், குற்றத்தின் கொடுமைக்குப் பதினான்கு போதாது என்று எண்ணும் நீதிபதி தூக்கின் பக்கம் சாய நேரும். ஆகவே இரண்டுக்கும் இடையிலுள்ள பரந்த வெளியை நீதிமன்றமே எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, அக்கைதி வாழ்நாள் முடியும்வரை விடுவிக்கப்படக் கூடாது என்று ஆணையிட்டார்.

இதை நேயர்கள் சற்று நின்று சிந்திக்கவேண்டும். எல்லாக் கைதிக்கும் ஒரே கணக்கில் வாயிலைத் திறக்கும் வழக்கம், பார்ப்பதற்குக் கருணையாகத் தோன்றியது. அதே வழக்கம் வேறொரு கைதியைத் தூக்குமேடைக்குத் தள்ளக்கூடியதாய் இருந்தது. ஆளைப் பார்க்காத கருணைக்கு இப்படியும் ஒரு விலை உண்டு. அதற்கு நீதிமன்றம் கண்ட மருந்திலும் கசப்பில்லாமல் இல்லை. இருபதாண்டு கழித்து அம்மனிதன் எப்படி இருப்பான் என்பதைத் தீர்ப்பெழுதும் நாளிலேயே முடிவு செய்துவிடுவதாகும் அது. கண்காணிப்பு அதிகாரி கேட்ட கேள்விக்கு அதில் இடமில்லை.

இம்மருந்து செல்லுமா என்று ஐவர் அமர்வு 2015 டிசம்பரில் ஆராய்ந்தது தமிழ்நாட்டு வழக்கொன்றில். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற எழுவரை விடுவிப்பதாகத் தமிழ்நாடு அரசு 2014 பிப்ரவரியில் அறிவித்ததும், மத்திய அரசு தடுத்ததும் யாவரும் அறிந்ததே. மூவர் சார்பில் தீர்ப்பெழுதியவர் காரைக்குடியைச் சேர்ந்த நீதிபதி இப்ராகிம் கலிபுல்லா. குறைப்புக்கு இடமில்லாத தண்டனையை நீதிமன்றம் விதிக்கலாம் என்றும், மத்தியப் புலனாய்வுத் துறை நடத்திய வழக்கில் மாநில அரசு தனித்து விடுவிக்க இயலாது என்றும் கூறினார். இருவர், அத்தகைய தண்டனையை விதிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இல்லை என்று மாறுபட்டனர். எழுவரும் இறுதியில் 2022இல், மே 18ஆம் நாள் ஒருவரும் நவம்பர் 11ஆம் நாள் அறுவருமாக, உச்ச நீதிமன்றத்தின் தனி அதிகாரத்தால் விடுதலையானார்கள். சிறையில் அவர்கள் நடந்துகொண்ட விதமும் படித்த படிப்பும் அப்போது எடுத்துரைக்கப்பட்டன.

வேற்று மாநிலத்தில் வாழும் தமிழர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று இவ்வழக்குகளில் உண்டு. விடுவிக்கும் அதிகாரம் கைதி பிறந்த மாநிலத்துக்கோ அடைபட்டிருக்கும் மாநிலத்துக்கோ உரியதன்று. தண்டனை விதித்த நீதிமன்றம் எந்த மாநிலத்தில் உள்ளதோ அதற்கே உரியது. மத்தியப் பிரதேசத்தில் தண்டனை பெற்றுப் பஞ்சாபுச் சிறைக்கு மாற்றப்பட்ட ஒருவர் வழக்கில் 1976இல் இது தெளிவாயிற்று. குஜராத் அரசு 2022 சுதந்திர தினத்தன்று பதினொருவரை விடுவித்ததை 2024 ஜனவரி 8ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தள்ளியதும் இக்காரணம் பற்றியே. வழக்கு மும்பையில் நடந்தது. 1993இல் பாலாற்றருகே கண்ணிவெடியில் 22 பேர் மாண்ட வழக்கு மைசூரில் நடந்தது. அதில் ஆயுள் பெற்றுப் பின்னர் மரண தண்டனைக்கு உள்ளாகி, 2014இல் மீண்டும் ஆயுளாகக் குறைக்கப்பெற்ற நால்வர் தமிழ் வழங்கும் எல்லைப் பகுதியினர். அவர்களைப் பற்றிச் சென்னையிலிருந்து எவ்வளவு கடிதம் எழுதினாலும் பயனில்லை. பெங்களூருவில் தண்டனை பெற்றவரைச் சொந்த ஊருக்கு அருகே இருக்கட்டும் என்று வேலூருக்கு மாற்றினாலும், மனு பெங்களூருவுக்குத்தான் வரவேண்டும். இதை அறியாமல் ஆண்டுகளை இழக்கும் குடும்பங்கள் உண்டு.

மீண்டும் குற்றம் செய்வானா என்னும் பழைய கேள்விக்கு நீதிமன்றங்கள் இரண்டு இடங்களில் நேராக முகம் கொடுத்தன. ஆயுள் கைதி மீண்டும் கொலை செய்தால் கட்டாயம் தூக்கு என்ற 303ஆம் பிரிவை 1983இல் தலைமை நீதிபதி ஒய். வி. சந்திரசூட் தலைமையிலான அமர்வு செல்லாதாக்கிற்று. அப்படிப்பட்டவனையும் நீதிபதி தனியே பார்த்தாகவேண்டும் என்றது. 2000ஆம் ஆண்டில் லட்சுமண் நஸ்கர் வழக்கில், மீண்டும் குற்றம் செய்ய வாய்ப்பு உண்டா, குற்றம் செய்யும் ஆற்றலே போய்விட்டதா, இன்னும் அடைத்துவைப்பதால் பயன் என்ன, குடும்பத்தின் நிலை என்ன என்பவற்றைப் பார்க்கவேண்டும் என்று கூறப்பட்டது. கார்டியூ குழு சொன்னதற்கு எண்பதாண்டு கழித்து நாம் திரும்பி வந்தோம்.

முன்சொன்ன தலைமை நீதிபதியின் மகன் டி. ஒய். சந்திரசூட், தாமும் தலைமை நீதிபதியாக இருந்தபோது, 2024 அக்டோபர் 3ஆம் நாள் ஒரு தீர்ப்பு எழுதினார். பல மாநிலச் சிறை விதிகளில் சாதியைக் கொண்டு வேலை பங்கிடுவதும், பழைய குற்றப் பரம்பரையினரை 'வழக்கக் குற்றவாளி' என்று கொள்வதும் அதில் செல்லாதனவாயின. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து வைத்திருந்ததும் அத்தீர்ப்பில் கண்டிக்கப்பட்டது. கைதிப் பதிவேடுகளில் உள்ள சாதிக் கட்டத்தை அடியோடு நீக்கவும், மூன்று மாதத்துக்குள் சிறைக் கையேடுகளைத் திருத்தவும் அரசுகளுக்கு ஆணையிடப்பட்டது. வழக்கக் குற்றவாளிகள் சட்டங்களே அரசியலமைப்பின் முன் ஐயத்துக்குரியன என்றும் நீதிமன்றம் குறிப்பிட்டது. ஆயினும் அவற்றை நீக்குவதா வைத்துக்கொள்வதா என்பதை அந்தந்த மாநிலங்களின் பொறுப்பிலேயே விட்டது.